இருமும் புல்

அல்சீடின் மறைவிடத்துக்கு நான்கு கால்.
தார் பூசிய கட்டைகள், சதுப்பில் எட்டடி இறங்கியவை.
மேலே பலகைப் பெட்டி, அதன்மேல் கோரை.
உள்ளே பெஞ்சு, காஸ் அடுப்பு, காபிக் கெண்டி,
பன்றிக்கறி வறுக்க ஆணியில் தொங்கும் சட்டி,
நாய்க்குத் தனி வாசல்.
வீட்டில் எதையும் அவன்
இத்தனை ஒழுங்காய் வைத்ததில்லை.

எனக்குப் படகு.
பதினோரடித் தகரம், சேற்று நிறம்,
ஒரு தள்ளுகழி, ஆறு பொம்மை வாத்து, ஈரச் சாக்கு.
போர்த்திக்கொண்டு படுத்தால் நானும் ஒரு மேடு.

"பறவைக்கு வழி உண்டு ஒடலி,
வழியில் உட்கார்ந்தால் போதும்" என்பான்.
வழி காற்றினுடையது.
காற்று தெற்கே திரும்பினால்
உன் பெட்டி திரும்புமா என்பேன்.
கொக்குத் தலையில் வெண்ணெய் வைக்கிறவன் என்று
நானும், ஊர்சுற்றி என்று அவனும்
இருபது லூசியானா குளிர்காலங்களைப் பேசித் தீர்த்தோம்.

நவம்பர் முதல் வாரம் அவனுடையது.
வடக்கிலிருந்து புதிதாய் வரும் கிளுவைகள்
எதையும் நம்பும்.
எட்டு மணிக்கே ஆறு பறவையும்
சட்டையில் வறுவல் வாசமுமாய்த் திரும்புவான்.
மூன்றாம் வாரம் அவற்றுக்குத் தெரிந்துவிடும்,
அந்தத் திட்டில் மட்டும் புல் இருமுகிறது என்று.
உயரத்தில் ஒரு வட்டம், அவ்வளவுதான்.

அப்போது என் முறை.
முந்திய மாலை பைனாகுலரோடு கரையில் நின்று
நாமத்தலைகள் எங்கே சரிகின்றன என்று பார்த்துவைப்பேன்.
விடியுமுன் அங்கே இருப்பேன்.
சில நாள் இருப்பேன், அவை இருக்காது.
ஒரு டிசம்பரில் மூன்று குட்டை மாறி
நான்கு மைல் சேறு தள்ளி
கிடைத்தது ஒரே ஒரு தட்டைவாயன்.
அதன் கறியும் சேறாகவே ருசித்தது.
அல்சீட் சிரிக்கவில்லை. இன்னொரு துண்டு கேட்டான்.
அது இன்னும் மோசம்.

ஒன்று சொல்ல வேண்டும்.
அவனுக்கு வேலை கடல்நடுவே எண்ணெய் மேடையில்.
பதினான்கு நாள் அங்கே, பதினான்கு நாள் இங்கே,
நடுவில் ஹெலிகாப்டர்.
எனக்கு வாகனப் பதிவு அலுவலகம், மூன்றாம் ஜன்னல்.
கண்ணாடியில் ஒரு துளை, துளைக்குப் பின் நான்,
எண்சீட்டோடு ஒவ்வொருவராய் என்முன் வந்து இறங்குவார்கள்.
வருடம் முழுக்க நானும் பெட்டியில்தான் இருந்தேன்.
இதை நாங்கள் பேசியதே இல்லை.

ஆகஸ்டில் புயல்.
ஆறடிக்குக் கடல் உள்ளே வந்து போனது.
எங்கள் கூரையில் பாதி அடுத்த தெருவில் கிடந்தது.
அக்டோபரில்தான் சதுப்புப் பக்கம் போக முடிந்தது.
நான்கு கட்டைகள் நின்றன, தலையில்லாமல்.
பெட்டியைக் காணோம்.

அரை மைல் வடகிழக்கே கண்டெடுத்தோம்.
நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது,
ஒரு குட்டையின் வாய்க்கு நேரே,
ஆணியில் சட்டியோடு.
மூன்று வருடமாய் நான் கை காட்டிய அதே குட்டை.
அல்சீட் அதைச் சுற்றி வந்தான்.
பலகையைத் தட்டினான். முகர்ந்தான்.
"நல்ல மரம்" என்றான்.
மறுவாரம் அதற்கு அங்கேயே புதுக் கால் வைத்தான்.

நவம்பரில் வாடைக்காற்று ஏறிய ஒரு காலை
படகைப் பெட்டியோடு கட்டிவிட்டு
உள்ளே போய் உட்கார்ந்தேன். காபிக்காக என்றேன்.
கதகதப்பாகத்தான் இருந்தது.
ஊசிவால் ஜோடி ஒன்று வந்தது.
அல்சீட் விசில் ஊத, ஒரு சுற்று, இரண்டு,
மூன்றில் சிறகு விறைத்து, கால் நீட்டி,
இதோ தண்ணீர் என்கிற நேரத்தில்
புல் இருமியது.

இந்த முறை நான்.

அவன் துப்பாக்கியைச் சாய்த்து வைத்துவிட்டு
என் குவளையை நிரப்பினான்.
கோரை இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இரண்டும் மேற்கே தாழ்ந்து
உப்புப்புல் மேட்டுக்கு அப்பால் இறங்கின.
இருவரும் பார்த்தோம்.

இருட்டில் கழியைத் தடவி எடுத்தேன்.
நாய் ஏற்கனவே படகில்.