இடது என்பதை வலது என்று வாசிக்கவும்

கிங்ஸ்டன் ஆவணக் காப்பகம், பின்னறை.
மைக்ரோஃபிலிம் கருவி சூடேறினால்
புளித்த காடியின் வாடை.
ஓடிப்போனவர்களைத் தேடும் விளம்பரங்களை
ஒவ்வொன்றாக அட்டையில் ஏற்றுவது என் வேலை.
பெயர், வயது, உயரம், தழும்பு, வெகுமதி.
மதியச் சாப்பாட்டுக்குள் நாற்பது பேர்.
நாற்பதில் ஒருவரும்
தன்னைப் பற்றித் தானே எழுதியதில்லை.

1787, ஜூன், இரண்டாம் சனிக்கிழமை.
பென்னெபா.
இருபத்து நான்கு இருக்கலாம் என்கிறார்கள்.
ஹைண்ட்மார்ஷ் கரும்புத் தோட்டத்தின் சொத்து.
முன்பல்லில் சந்து; கேட்டால்தான் பேசுவாள்.
இடது தோளில் சூட்டுக்கோல் தடம்,
சாய்சதுரத்துக்குள் ஓர் எழுத்து.
பிடித்துத் தருபவர்க்கு இரண்டு பவுண்டு.

அடுத்த சனிக்கிழமை,
கப்பல் வரவுக்கும் ஐரிஷ் வெண்ணெய்க்கும் நடுவே
பொடியெழுத்தில்:
சென்ற இதழில் இடது என்று வந்ததை
வலது என்று வாசிக்கவும்.
அச்சகத்தார் வருந்துகிறார்.

ஏழு நாள்.
ஏழு நாளும் பாலத்தடியில், சந்தையில், படகுத்துறையில்
யார் யாருடைய இடது தோளையோ
துணி விலக்கிப் பார்த்திருப்பார்கள்.
அந்தப் பெண்களுக்கு
என் அட்டையில் கட்டம் இல்லை.

ஈய எழுத்தில் எல்லாமே கண்ணாடிப் பிம்பம்,
இடம் வலம் பிசகுவது சகஜம் என்று
அடுத்த விளம்பரத்துக்குப் போயிருப்பேன்.
அதே இதழின் மூன்றாம் பக்கம் இழுத்தது.
பெயர் போடாத ஒரு கனவான் எழுதுகிறார்:
இந்த இனத்துக்கு எழுத்து ஏறாது.
கிளிபோலச் சொல்லும், பொருள் உள்ளே இறங்காது.
மண்டையோட்டை அளந்தவர்கள் அறிவார்கள்.
மூன்று பத்தி, நடுவில் லத்தீன் மேற்கோள் இரண்டு.
உருப்பெருக்கி வைத்துப் பார்த்தேன்,
ஒரு காற்புள்ளி நழுவவில்லை.
லத்தீனும் நழுவவில்லை.

கோத்த கை யாருடையது?
அக்டோபர்ச் சுருளில் வந்தது,
அச்சகத்தார் பெல்ஃபீல்டின் சொந்த விளம்பரம்:

"ஓடிப்போனான் க்வாமின் என்னும் நீகோரா.
முப்பது வயது. அச்சுகோக்கும் தொழில் அறிந்வதன்.
கட்டைவிலரில் ஈயக்கறை, கழுவினாலும் போகாது.
தலைகீழ் எழுத்தையும் சரளமாய்ப் படிப்பான்;
சந்கேதம் வந்தால்
தாளைக் கவிழ்த்துக் கொடுத்துப் பார்க்கவும்.
தனக்குத் தானே அனுமதிச்சீட்டு எழுதிக்கொள்ளக்கூடும்.
ஐந்து பவுண்டு வெகுதமி."

சிரித்துவிட்டேன்.
வரிசை கோணி,
ஒரு எழுத்து மல்லாந்து கிடக்கிறது.
கோக்க ஆளில்லாமல்
முதலாளி தானே உட்கார்ந்திருக்கிறார் அன்று.

அவளும் அவனும் ஒரே கப்பலா,
ஒரே வயிறா,
முகமே பார்த்ததில்லையா, தெரியாது.
யார் யார் தலையெழுத்தையோ ஈயத்தில் கோத்தவன்
ஒரே ஒருத்திக்கு
ஒரு சொல்லை மாற்றிப் போட்டான் என்று
சத்தியம் செய்யவும் என்னால் முடியாது.
தூக்கம் வராத இரவாகவும் இருந்திருக்கலாம்.
பிடிபட்டோர் பட்டியலில் இரு பெயரும் இல்லை;
பட்டியலில் பாதி எலி தின்றது.

மேலாளர் மிஸ் டல்லக் கண்டிப்பானவர்.
மூலத்தில் பிழை இருந்தால் தொடாதே,
திருத்தம் கிடைத்தால் திருத்தத்தைப் போடு என்பார்.
தழும்புக்கு ஒரே கட்டம்.

ஐந்து மணி. விளக்கை அணைக்கிறார்கள்,
வரிசை வரிசையாக, என்னை நோக்கி.
இடது என்று அடித்தேன்.
சுருளை முன்னால் தள்ளினேன்.

நாற்பத்தொன்று:
பெயர் சொல்ல மறுக்கிறாள்.