முப்பத்திரண்டு ஆம்பியர்

பின்வளவுக் கொட்டிலில் நீ ரம்பத்தை முடுக்கும்போதெல்லாம்
குசினி விளக்கு ஒருகணம் கண் சொருகும்.
நிரோதினி இன்னும் வேலையில் என்று
கேத்தலைப் போடாமல் நிற்பேன்.
மறந்து போட்டால் பிரேக்கர் விழும்.
பிறகு டார்ச்சோடு நான்,
இருட்டுக்குள் பேச்சோடு நீ.

சனிக்கிழமை டார்கோ வந்தான்.
நான் வெட்டிய கானுக்குள் காலை விட்டுப் பார்த்து
இன்னும் ஒரு சாண் என்று கையை விரித்தான்.
எலுமிச்சை வேர், ஓட்டுத் துண்டு,
யாரோ பிள்ளையின் தகரக் கார்,
எல்லாவற்றுக்கும் கீழே
செம்மஞ்சள் குழாய் போய்ப் படுத்தது.
பில்லைப் பார்த்து
"செம்பும் பவுனாப் போச்சு" என்றாய்.

இப்போது கொட்டிலுக்குத் தனிப் பெட்டி.
ரம்பம், தூசி உறிஞ்சி, ஹீற்றர்
மூன்றும் ஒன்றாய் ஓடுமாம்.
அயலுக்குக் கேட்காமல் நீ சுவருக்குப் பஞ்சு அடைத்ததில்
எனக்கும் ஒன்றும் கேட்பதில்லை.
நார்லேனின் ஆடிக் குளிரில்
குசினி விளக்கு
இமைக்காமல் நிற்கிறது.

பலகை அறுக்கிறாயா,
அறுத்து முடித்து
மரத்தூளுக்குள் சும்மா குந்தியிருக்கிறாயா?

கேத்தல் தன்பாட்டில் கொதித்து அணைகிறது.
மூடிய கான் இன்னும் இறுகவில்லை.
கேபிள் போன வழியே
இரண்டு கோப்பைத் தேத்தண்ணீரோடு,
கொஞ்சம் சிந்திக்கொண்டு,
வருகிறேன்.