அண்டர்டேக்

கூல் ஊருக்கு முன்னால், எம் அறுபத்திரண்டில்,
நடுத்தடத்தை விடாமல் ஊர்ந்தது ஒரு கேரவன்.
பின்னால் சவ வண்டி.
ஓட்டியவள் ரொவீனா பிக்கரிங்.
பதினொன்றுக்கு அடக்கம், மணி பத்து ஐம்பது.
விளக்கைச் சிமிட்டினாள்.
கேரவனின் பின்கண்ணாடியில் ஒரு நாய்
அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.
சரி என்று
இடப்பக்கம் ஒதுங்கி முந்திப் போனாள்.

சன்னலைத் தட்டிய போலீஸ்காரர் சின்னப் பையன்.
முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை அவருக்கு.
இடப்பக்கமாய் முந்துவதற்கு
அங்கே அண்டர்டேக்கிங் என்று பேர்.
அவள் தொழிலுக்கும் அதுவே பேர்.
"சொல்லிவிடுங்கள்," என்றாள், "எல்லாரும் சொல்வதுதான்."
அவர் சொல்லவில்லை.
நூறு பவுண்டு, மூன்று புள்ளி.
சீட்டைக் கொடுத்துவிட்டு
பின்னால் இருந்த பெட்டிக்குத் தொப்பியை எடுத்தார்.

பெட்டிக்குள் பெர்சி ஸ்டெயின்ஃபோர்த்.
கால்வாய் மதகு காத்தவர்.
நாற்பது வருஷம் படகுகளுக்குத் திறந்துவிட்டார்,
வீட்டுக் கதவை யாரும் தட்டியதில்லை.
செவ்வாயன்று ஆஸ்பத்திரியில் ஒரு தாள்:
செலவை அண்டர்டேக் செய்கிறேன், இப்படிக்கு,
பிறகு உறவினருக்கான வெற்றுக்கோடு.
பேனா ரொவீனாவின் கையில் இருந்தது.
அதைத் தவிர வேறு காரணம்
அவளாலும் சொல்ல முடியாது.

வேலையை அண்டர்டேக் செய்யலாம்,
பயணத்தை, ஆராய்ச்சியை.
இதைச் செய்வேன் என்று வாக்குத் தரலாம் அதே சொல்லால்.
சாவை அண்டர்டேக் செய்கிறேன் என்று
ஒருவரும் பேசிக் கேட்டதில்லை,
பெயர்ப்பலகை மட்டும் அதற்குத்தான்.

நாம் மேற்கொள் என்கிறோம்.
அவர்கள் கீழே போய் எடுக்கிறார்கள்.
ஒரே சுமைக்கு ஒரு மொழி மேல் என்றும்
ஒரு மொழி கீழ் என்றும் ஏன் சொல்ல வேண்டும்?
இரண்டு அகராதியைப் புரட்டியும்
எனக்குப் பிடிபடவில்லை.

கல்லறைத் தோட்ட வாசலில் பாதிரியார்
கடிகாரத்தைப் பார்க்காததுபோல் பார்த்தார்.
தூக்க நால்வரைச் சொல்லியிருந்தது,
வந்தது மூவர். கிளைவுக்கு முதுகுவலி.
ரொவீனா மேல்கோட்டைக் கழற்றி
பானட்டின் மேல் போட்டாள்.
இடப்பக்கம், பின்மூலை.
குனிந்து
தோள் கொடுத்தாள்.
பெட்டி அவள் மேல்.
அவள் பெட்டிக்குக் கீழ்.

நனைந்த புல், நூறு அடி இருக்கும்.
கோட்டுப் பையிலிருந்து சீட்டு எட்டிப் பார்த்தது.
ஒரு தடவை நின்று
தோள் மாற்றாமல் மூச்சு வாங்கினாள்.
மற்ற மூவரும் நின்றார்கள்.