நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

ஐம்பத்தொன்று அவர்கள், நாற்பத்தொன்பது நாங்கள்.
இருவரையுமே தாய் நிறுவனம் என்கிறது ஒப்பந்தம்;
தகப்பன் யாரென்று எந்த ஷரத்திலும் இல்லை.
டூவும்பாவின் செம்மண் மேட்டில்
ஒரு தகரக் கூரைக்குக் கீழே
பிறந்தது பிள்ளை. போர்வெல் மோட்டார் செய்யும்.

கோவையிலிருந்து நாற்பத்தோரு கோப்புகள் வந்தன,
மூன்று சதவீத ராயல்டிக்கு.
வரைபடம், அளவு, டாலரன்ஸ்,
எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது வரை.
கோப்போடு கோப்பாக நானும் வந்தேன்,
பதினெட்டு மாத விசாவில்.

கெர்ரி மேடக் கேட்டாள்:
"சுருளுக்கு எதற்கு இவ்வளவு தடித்த செம்பு?
கணக்குக்கு இது அதிகம்."
புரட்டினேன். அளவு இருந்தது, காரணம் இல்லை.
எனக்கும் தெரியாது. தெரியாதென்று சொல்ல வெட்கம்.
"அங்கே அது வழக்கம்" என்றேன்.
வழக்கத்துக்கு விலைப்பட்டியலில் இடமில்லை.
செம்பைக் குறைத்தோம்.
மிச்சமான காசில் வெள்ளிக்கிழமை
எல்லோருக்கும் மீட் பை,
எனக்கு மட்டும் உருளைக்கிழங்கு.

பிப்ரவரியில் திரும்பி வரத் தொடங்கின.
ஒன்று. நான்கு. அறுபத்து மூன்று.
மூடியைத் திறந்தால் கருகிய வார்னிஷ் நாற்றம்.
எல்லாம் சின்ச்சில்லாவுக்கு அப்பால்,
கம்பத்துக்குக் கம்பம் ஒற்றைக் கம்பி மட்டும் ஓடும் பண்ணைகள்.
டக் ப்ரூவிட் போனில் கத்தினார்:
"பக்கத்துப் பண்ணைக்காரன் ஏசி போட்டால்
என் சமையலறை பல்ப் முட்டைக் கரு மாதிரி ஆகிவிடும்!"

அந்த மஞ்சள் எனக்குத் தெரியும்.
அந்த மஞ்சளில்தான்
பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு போட்டேன்.

இங்கே இரவு பத்து, அங்கே மாலை ஐந்தரை.
தெய்வசிகாமணியைக் கூப்பிட்டேன். சிரித்தார்.
"வோல்டேஜ் தேஞ்சாலும் தண்ணி ஏறணுமில்லீங்க?
அதுக்குத்தான்."
"அதை ஏன் எழுதவில்லை?"
கொஞ்ச நேரம் லேத் ஓடும் சத்தம் மட்டும்.
"இதைப் போயி யாருங்க எழுதுவாங்க?"

எழுதினேன்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், அளவுக்குக் கீழே
ஆங்கிலத்தில் ஆறு வரி;
காற்புள்ளிகளைக் கெர்ரி திருத்தினாள்.
பிறகு நாற்பத்தொன்றிலும் ஒரு கட்டம் சேர்த்தோம்,
'ஏன்' என்று தலைப்பிட்டு.
பாதிக்கு மேல் இன்னும் காலி.
சிலவற்றுக்குப் பதில் தெரிந்தவர்
ஓய்வு பெற்றுவிட்டாராம்.
சிலவற்றுக்குப் பதிலே கிடையாதாம்,
முதல் மெஷினில் அந்த அளவு ஸ்பேனர்தான் இருந்ததாம்.

ஆகஸ்டில் கோவையிலிருந்து ஒரு மின்னஞ்சல்.
புதிதாகச் சேர்ந்த பொறியாளர், பெயர் யாழிசை:
"உங்கள் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்
அவசரமாக வேண்டும்.
செம்பைக் குறைக்கச் சொல்லி
இங்கே ஒரு ஆலோசகர் வந்து உட்கார்ந்திருக்கிறார்."

அனுப்பினேன்,
கருகிய சுருள் ஒன்றின் படத்தையும் இணைத்து.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த கெர்ரி
டீயை ஊதிக்கொண்டே கேட்டாள்:
"இதற்கு ராயல்டி
யார் யாருக்குத் தர வேண்டும்?"