ஒரே ஒரு பிளக் பாயிண்ட்

மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கு மறுநாள்
அன்குட் துறைமுகத் தெருவில் எனக்கு வேலை.
பையில் திருப்புளி, பெயின்ட் பிரஷ், பாதி ரொட்டி, மழைக்கோட்டு.
சிலோயே தீவில் மழைக்கோட்டும் ஒரு கருவிதான்.

முதலில் பல் மருத்துவர்.
அவருடைய கடவுச்சொல் அவர் நாயின் பெயர்.
நாய் செத்து நான்கு வருடம்.
மாற்றச் சொன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார்.
இந்த மாதமும் நான் வற்புறுத்தவில்லை.

அப்புறம் ஐஸ் தொழிற்சாலை.
கணினியைப் பிரித்தால் உள்ளே கடல் இருக்கும்:
பலகையின் ஓரமெல்லாம் வெள்ளையாய் உப்புப் பூத்து,
விசிறியில் விறகடுப்புக் கரி.
பிரஷ்ஷால் தட்டுவேன். தும்முவேன்.
ரெய்னால்டோ பாரியா பக்கத்தில் நின்று
நான் சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொள்வார்.
எழுதியதை அப்படியே செய்வார்.
இப்படி ஒரு வாடிக்கையாளர் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்
என்று அப்போது நினைத்திருக்கிறேன்.

எதிர்க்கடை எர்மெலிண்டாவுடையது. கயிறும் படகுப் பெயின்டும்.
என்னோடு பள்ளியில் படித்தவள், அப்போதும் சொன்ன பேச்சு கேட்டதில்லை.
அவள் மவுஸில் இடது பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கும்,
'பிறகு நினைவூட்டு' என்பதை அழுத்தி அழுத்தி.

அவள் மேசைக்கடியில் மிச்சம் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்.
அதில் பேக்கப் டிஸ்க்கைச் செருகி,
எல்லாம் நகலாகும்வரை காத்திருந்துவிட்டுத்தான் கிளம்புவேன்.
அடுத்த மாதம் வந்தால் அதில் கெட்டில் கொதிக்கும்.
டிஸ்க் டிராயரில், பசை டப்பாவுக்குக் கீழே.
"எர்மெலிண்டா."
"மாத்தே இல்லாமல் மழையில் எப்படிக் கடை நடத்துவது?"
'கழற்றாதே' என்று எழுதி பிளக்கின் மேல் ஒட்டினேன்.
அடுத்த தடவை அந்தச் சீட்டு
கெட்டிலின் பிளக்கில் ஒட்டியிருந்தது.

ஜூன் கடைசி. ஒரு ரசீது வந்தது,
கப்பல் கம்பெனியின் பெயரில், தெருவில் எல்லோருக்கும்.
திறந்து பார்க்காதவர் பல் மருத்துவர் மட்டும்;
அவர் கடிதமே திறப்பதில்லை.

காலையில் திரைகளில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடியது.
கீழே தொகை. அதற்கும் கீழே
'உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி'.

ஐஸ் தொழிற்சாலையில் டிஸ்க் இரவும் பகலும் செருகியே இருந்தது,
நான் சொன்னபடி.
கணினி போன வழியே அதுவும் போயிற்று.
ஒன்பது வருடக் கணக்கு.
ரெய்னால்டோ நோட்டைத் திறந்து
என் வார்த்தைகளை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார்,
ஏதோ ஒரு வரியை விட்டுவிட்டதுபோல.
அவர் எதையும் விடவில்லை.

எர்மெலிண்டா பசை டப்பாவை நகர்த்தினாள்.
பத்தொன்பது நாள் முந்தைய நகல், முழுசாய்.
நடுவில் போனதைக் காகிதச் சீட்டுகளிலிருந்து தட்டச்சு செய்தோம்.
மதியத்துக்குள் செய்தி படகுகளுக்குப் போய்விட்டது.
ஒருவன் வந்து, கடன் பட்டியலும் அழிந்துவிட்டதா என்று
ரொம்ப வருத்தமாய் விசாரித்தான்.
"உன்னுடையது பத்திரமாக இருக்கிறது" என்றாள்.
இன்னொருவர் தானே வந்து
நாலு டப்பா சிவப்பு, ஒரு டப்பா தார் என்று சொல்லிவிட்டுப் போனார்.
அது எங்கள் நகலில் இல்லாத கடன்.

இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்:
நகலெடுங்கள், பிறகு பிடுங்கிவிடுங்கள்.
இரண்டு டிஸ்க் வையுங்கள், ஒன்று வீட்டில்.
சொல்லும்போது எர்மெலிண்டா என் முகத்தைப் பார்ப்பதில்லை.
பார்க்காமல் இருப்பதே போதுமாயிருக்கிறது.

ஐஸ் தொழிற்சாலைக்கு இந்த வருடம் பில் அனுப்பவில்லை.
பணத்தை உறையில் போட்டு அவரே கொண்டுவந்தார்.
கூடவே அந்த நோட்டு, புதுப் பக்கம் திறந்து.
"சொல்லுங்கள்" என்றார், பேனாவை எடுத்து.

எனக்கு உடனே வாய் வரவில்லை.
"முதலில்" என்றேன்,
"நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம் என்று எழுதுங்கள்."

எழுதிக்கொண்டார்.