நாற்பது வினாடி

திங்கள், புதன், வெள்ளி.
கல்கூரா ஆஸ்பத்திரியின் பின்கட்டில்
ஆறு நாற்காலி, ஆறு இயந்திரம், ஒரே டிவி.
ரிமோட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு
வாயை முடிந்து வைத்திருக்கிறாள் நர்ஸ் நரேல்.
கிருமிக்காக என்கிறாள்.
சண்டைக்காக என்று எங்களுக்குத் தெரியும்.

என் இடப்பக்கம் கெல்வின் ட்ராஸ்க்,
முப்பது வருஷம் கம்பளி மூட்டை ஏற்றி லாரி ஓட்டியவன்.
வலப்பக்கம் டெஸ்லி வோர்லோ,
கணக்கு டீச்சர். ஓய்வு பெற்றும் பென்சிலை விடாதவள்.
நடுவில் நான்.
என் ரத்தம் வெளியே போய்க்
குளித்துவிட்டுத் திரும்ப நாலு மணி நேரம்;
அதற்குள் ஆட்சி இரண்டு முறை கவிழும்.

இரண்டு மணிக்குக் கான்பெராவில் கேள்வி நேரம்.
ஒழுங்கு, ஒழுங்கு என்கிறார் சபாநாயகர்.
நரேலும் அதையேதான் சொல்கிறாள்:
குழாய் மாட்டிய கையை ஆட்டாதே, கெல்வின்.

அவனுக்கு அரசு என்றாலே ஆகாது.
என் வரிப்பணத்தில் எனக்கே பாடம் எடுக்கிறான்கள்,
சிட்னியில் உட்கார்ந்து காபி குடிக்கிற கூட்டம்,
இழுத்து மூடு அந்த ஒளிபரப்பை,
வேண்டியவன் காசு கொடுத்துப் பார்க்கட்டும்.

டெஸ்லி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி
அவன் இயந்திரத்தைப் பார்ப்பாள்.
இதுக்கு ஒரு தடவைக்கு எவ்வளவு ஆகுது தெரியுமா?
வேண்டியவன் காசு கொடுத்துக் கழுவிக்கொள்ளட்டுமா?
அது வேறே, என்பான்.
எது வேறே? என்பாள்.
'அது வேறே' என்கிற ஊரில்தான்
எங்கள் வாதங்களெல்லாம் டீசல் தீர்ந்து நிற்கும்.

பாரபட்சம் என்றான் ஒருநாள்.
நிரூபி என்றாள்.
மதியச் சாப்பாட்டுச் சீட்டின் பின்புறம்
ஆளுக்கொரு கோடு கிழித்து
எந்தக் கட்சி எத்தனை நிமிடம் பேசியது என்று
மூன்று வாரம் எழுதினார்கள்.
கெல்வின் கணக்கில் அவள் பக்கத்துக்குப் பதினொரு நிமிடம் கூட.
டெஸ்லி கணக்கில் அவன் பக்கத்துக்குப் பதினொரு நிமிடம் கூட.
நான் வாயே திறக்கவில்லை.
வாழைப்பழம் தின்றதற்கு
அன்று ஏற்கெனவே திட்டு வாங்கியிருந்தேன்.

மற்றதும் வரும்.
ஆற்றுத் தண்ணீரை அரசு விலைக்கு வாங்குவது,
வயலுக்குக் குறுக்கே வரப்போகும் மின்கோபுரம்,
ஊர் வானொலி நிலையத்தில் ஐந்து பேர் இருந்தது,
இப்போது ஒருத்தி, அவளும் செவ்வாய் மட்டும்.
இந்த ஒன்றில் இருவருக்கும் ஒரே கோபம்.
ஒரே கோபம் என்றதும் கூச்சம் வந்துவிடும்,
சட்டென்று வானிலைக்கு மாறுவார்கள்.
வானிலையிலும் சண்டை உண்டு.

ஆகஸ்டில், ஒரு நடுராத்திரி,
கெல்வினுக்குப் போன்.
யாருடையதோ ஒரு சிறுநீரகம்.
உடனே வா என்றார்கள்,
காபி குடிக்கிற அதே சிட்னிக்கு.

வெள்ளிக்கிழமை அவன் நாற்காலியில் ஒரு பையன்.
டிவியா, அதையெல்லாம் இன்னும் பார்க்கிறீங்களா என்றான்;
காதை அடைத்துக்கொண்டு தூங்கிப்போனான்.
டெஸ்லி இரண்டு மணிக்கு அவையைப் போட்டாள்.
பத்து நிமிடத்தில் அணைத்தாள்.
இவங்க பேசுறது முழுசா காதுல விழுது,
சகிக்கல.

மூன்றாவது புதன்.
நரேல் வானொலி வைத்திருந்தாள்,
நேயர்கள் பேசுகிற நேரம்.
அடுத்து நம்மோடு கெல்வின், ராண்ட்விக்கிலிருந்து.

அதே தொண்டை. அதே வரிப்பணம்.
இந்த நிலையத்தை இழுத்து மூடணும் என்று
இந்த நிலையத்திலேயே சொல்லிக்கொண்டிருந்தான்.
அறிவிப்பாளர் பெண் குறுக்கிடவில்லை.
நன்றி கெல்வின், உடம்பு இப்போது எப்படி, என்றாள்.
கொஞ்சம் மௌனம்.
மூத்திரம் போறேன், என்றான்,
மாநிலம் முழுக்க, நேரலையில்.
நானே.

ஆறு இயந்திரமும் ஓடிக்கொண்டிருந்தன.
நரேல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.
டெஸ்லி குழாய் இல்லாத கையால்
பைக்குள் துழாவி அந்தப் பழைய சீட்டை எடுத்து
அவன் பக்கத்தில் எழுதினாள்: நாற்பது வினாடி.
பென்சில் நின்றது.
கடைசியில் சொன்னானே,
அதையும் அவன் கட்சிக் கணக்கில் சேர்க்கணுமா
என்று என்னைக் கேட்டாள்.

அது வேறே, என்றேன்.