ஏழு நாற்பத்திரண்டு

ஏப்ரலில் ஒரு காலை
இவர் குளித்து, சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு
சமையல் மேடைக்குப் பக்கத்தில்
மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்தார்.
டோம்பிவிலியில் வண்டி நின்று இருபது நாள்.
தண்டவாளம் வெயிலில் சும்மா கிடந்தது.

போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்ததும்
முகங்கள் ஏறின:
சாளுங்கே பனியனோடு,
டிசோஸா நெற்றி மட்டும்,
கல்யாணில் முதலில் ஏறிக் கைக்குட்டை போட்டு
மூன்று பேருக்கு இடம் பிடிக்கும் மொய்ஸ் பாய்.
ஏழு நாற்பத்திரண்டு ஃபாஸ்ட்
நாலு வீட்டிலிருந்தும் கிளம்பியது.

ரம்மி.
அவரவர் வீட்டில் அவரவர் கட்டு.
இவர் ஸ்பேட் ராணியை இறக்க
அதே ராணியைப் பாயும் இறக்கினார்.
பெரிய சண்டை.
நாலு கட்டுக்கு நாலு ராணி என்று சாளுங்கே தீர்ப்பு.
அவர் கட்டில் டைமன் ஜாக்கியே கிடையாது,
மகன் கப்பல் பண்ணி வாளியில் விட்டுவிட்டானாம்.

ஏழு ஐம்பத்தைந்துக்கு யாராவது
"பார்சிக்!" என்பார்கள்.
நாலு பேரும் காமிராவை உள்ளங்கையால் மூடுவார்கள்.
குகை. பேச்சில்லை.
தானே வந்தால் வெளிச்சம்.

நான் ஒரு சாண் தள்ளி, படத்தில் விழாமல்,
ஃபால்ஸ் அடிக்க வந்த புடவைகளை மூட்டை கட்டிவிட்டு
ரவிக்கைத் துண்டுகளில் முகக்கவசம் தைத்துக்கொண்டிருந்தேன்.
அப்போது கேட்டேன் இவர் சிரிப்பை,
தொண்டையிலிருந்து இல்லை, தொப்பையிலிருந்து.
இருபத்தாறு வருஷம் இந்தச் சிரிப்பு
வீடு வரை வந்ததில்லை.
குர்லாவிலேயே இறங்கிவிடும் போல.

ஒருநாள் போன் சரிந்து என்னைக் காட்டிவிட்டது.
"பாபி! முழங்கால் தேவலையா?" இது பாய்.
"மெஷின் மோட்டார் இன்னும் கருகுகிறதா?" சாளுங்கே.
டிசோஸாவின் நெற்றி கேட்டது:
"பல்லிக்குத் தமிழ் புரியாதென்று
மராட்டியில் திட்டினீர்களாமே?"

ஊசி நின்றது.
வீட்டில் சாவி, சாப்பாடு, கரண்ட் பில் என்று
மூன்று சொல்லில் நாளை முடிக்கிற மனுஷன்
மிச்சத்தையெல்லாம் எங்கே கொட்டினார் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.
புதன்கிழமை பதினெட்டு இட்லி கேட்பாரே, ஏனென்றும்.
காது சிவந்து சீட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்,
அடுக்கினதையே மறுபடி.
கோபம்தான் வந்தது முதலில்.
இரண்டு கவசத்துக்கு நாடாவைத் தலைகீழாகத் தைத்தேன்.

மறுநாள் என் ஸ்டூலையும்
காமிராவுக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.
லேடீஸ் டப்பா அடுத்தது என்றார் சாளுங்கே.
ரம்மி எனக்கு வராது.
ஆனால் இவர் கையைப் பார்த்துவிட்டுப்
பாய்க்குக் கண் ஜாடை காட்ட வரும்.

ஜூன் நடுவில் கொஞ்சம் வண்டி விட்டார்கள்,
அவசியமானவர்களுக்கு மட்டும்.
டிசோஸா ஆஸ்பத்திரி ஸ்டோர்கீப்பர், அவசியம்.
அச்சகம், பெல்ட் கடை, குழாய்க் கடைக் கணக்கு
இதெல்லாம் அவசியமில்லை.
இவர் பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

டிசோஸா வண்டியிலிருந்து கூப்பிட்டார்.
முதல் முறையாக முழு முகம், அதிலும் பாதி கவசம்;
நான் தைத்தது இல்லை, நீல ஆஸ்பத்திரித் துணி.
போனைத் திருப்பி இடத்தைக் காட்டினார்:
ஜன்னலோரம், இவர் சாய்ந்து சாய்ந்து
எண்ணெய்க் கறை பிடித்த தகரம்.
இருக்கையில் பெருக்கல் குறி ஒட்டியிருந்தது.
"கைக்குட்டை போடு, கைக்குட்டை போடு" என்று
கல்யாணிலிருந்து கத்தினார் பாய்.
போட்டார்.
காலி டப்பாவில் காலி இருக்கைமேல்
கட்டம் போட்ட கைக்குட்டை.
காற்றில் ஒரு மூலை எழுந்து எழுந்து படுத்தது.

யாரும் பார்சிக் என்று சொல்லவில்லை.
அதுவாக வந்தது குகை, நிஜக் குகை.
சத்தம் அறுந்து திரை கறுத்தது.
கறுப்பில் நாங்கள் தெரிந்தோம்:
நரைத்த தாடியோடு இவர்,
வாயில் நூல் கவ்விய நான்.
தலையை வாரியிருக்கலாம் என்றேன்.
"ம்" என்றார்.
பிறகு, தானே வர இன்னும் நேரமிருந்ததால்,
பேச ஆரம்பித்தார்.